கேனி ஓடைக் குடும்பம்

நெடுஞ்சாலையை விட்டு எங்கள் ஊருக்குள் திரும்பும் முக்கில் ஒரு பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது. இப்போது அதில் ஒரு நாய் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாய் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் ட்வைலா கோம்ப்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். பனியிலும் மழையிலும் ஒரே சிரிப்பு. நேரில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ட்வைலா நாய்த்தீனிக் கம்பெனியில் மூட்டை தைக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒன்பது வருஷமாக நிற்கிறவள். கென்டக்கியில் எங்கள் மலைப்பக்கம் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடினபிறகு, சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும் ஒரே வேலை அதுதான். அங்கே நாய்க்கு சால்மன் மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துத் தீனி செய்கிறார்கள். கிழட்டு நாய்க்கு ஒன்று, கொழுத்த நாய்க்கு ஒன்று, மனசு சரியில்லாத நாய்க்குக்கூடத் தனியாக ஒன்று. வேலை செய்கிறவர்களுக்கு அதெல்லாம் பாதி விலை. ட்வைலாவிடம் நாய் கிடையாது. இருந்தது இரண்டு பிள்ளைகள்: பெரியவள் கெய்லா, சின்னவன் ப்ரைஸ். பிள்ளைகளுக்குப் பாதி விலையில் அந்தக் கம்பெனியில் எதுவும் கிடைப்பதில்லை. புருஷன் வேலை தேடி இண்டியானா போனான். வேலை கிடைத்தது, திரும்பி வரத்தான் வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு வந்த முதல் கேடு சம்பள உயர்வு. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் உழைத்ததற்கு என்று கை குலுக்கி மணிக்கு ஏதோ சில்லறை கூட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சில்லறை அவளை அரசாங்கம் போட்ட வறுமைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டது. கோட்டுக்கு மேலே போனவளுக்கு மளிகை வாங்கத் தருகிற உணவு அட்டை எதற்கு என்று அரசாங்கம் அட்டையைப் பிடுங்கிக்கொண்டது. ஏறினது ஒரு பிடி, போனது ஒரு மூட்டை. இதைச் சரிசெய்ய ஒரே வழி, போய் 'என் சம்பளத்தைக் குறையுங்கள்' என்று கம்பெனியில் கேட்பதுதான். கேட்டிருந்தால் அதையும் கை குலுக்கிச் செய்திருப்பார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைக்கிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் பிள்ளை திங்கட்கிழமை காலையில் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறது, யார் பிள்ளை ஆப்பிளைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கிறது என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. சனி ஞாயிறு வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று திங்கட்கிழமை வரிசையே சொல்லிவிடும்.

எங்கள் கூடத்துக்குக் கீழே, முன்பு வாத்தியக்குழு பழகிக்கொண்டிருந்த அறையில்தான் மாவட்டப் பள்ளிகளின் குடும்ப உதவி அறை இருக்கிறது. கதவில் எழுதியிருப்பது அப்படி, ஊர் சொல்வது 'வெர்னா அறை'. டப்பா உணவு, சோப்பு, காலுறை, குளிர்கோட்டு, எது இல்லையென்று வந்தாலும் அங்கே உண்டு. அதை நடத்துகிறவள் பெயர் வெர்னா ஸ்டிடம், முன்பு முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். கத்திரியைக் கீழே வைத்தாலும் வாயைக் கீழே வைக்கவில்லை. கொடுப்பதில் கை தாராளம், வாங்குவதில் கழுகு. சாவு வீட்டில்கூட, மிச்சமிருக்கிற பன்றித்தொடையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று விதவையிடமே கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: வாங்குகிறவர் யார் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. வியாழக்கிழமை மாலை எல்லாரும் பார்க்க வரிசையில் நின்றுதான் வாங்குகிறார்கள், யார் யார் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊரே தெரியாத மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் ஊரில் மரியாதை என்பது அதுதான்.

கம்பெனிக்காரர்கள் வருஷத்தில் நாலு தடவை பேருந்து பிடித்து அங்கே தொண்டு செய்ய வருவார்கள். எல்லாருக்கும் நீலநிறச் சட்டை, நெஞ்சில் கம்பெனி முத்திரை, முதுகில் 'பகிரும் கைகள்' என்ற வாசகம். மக்ரோனிப் பெட்டியும் அவரை டப்பாவும் பையில் போட்டுக் கட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அன்றைய நாளுக்குச் சம்பளம் உண்டு. சம்பளத்தோடு தொண்டு என்றால் யாருக்குக் கசக்கும்? மூட்டைத் தூசியிலிருந்து ஒருநாள் விடுதலை என்று ட்வைலா ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள்.

உணவு அட்டை போன பிறகு வந்த முதல் தொண்டு நாளில் அவள் மற்றவர்களோடு பேருந்தில் ஏறவில்லை. கட்டின பைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேசை துடைக்கிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

"மிஸ் வெர்னா, எங்க கேனி ஓடைப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கு. அவங்களுக்கு வண்டி வசதி கிடையாது. நான் வேணா போற வழியில ஒரு பை குடுத்துட்டுப் போறேன்."

வெர்னா நிமிரவில்லை. "எத்தனை பேரு கண்ணு?"

"மூணு. ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்க."

"சாப்பாட்டுல ஏதாச்சும் ஆகாதா?"

"பையனுக்குப் பீனட் பட்டர் ஆகாது. தொண்டை வீங்கிடும்."

என் கை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பீனட் பட்டர் ஆகாத பையன் ஒரே ஒருத்தன்தான். அவனுக்கு வேறு கத்தி, வேறு தட்டு வைத்து ரொட்டி தடவுகிறவளே நான்தான். வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம்.

"எப்படிப்பட்ட ஆளுங்க?" என்று ட்வைலாவைக் கேட்டாள்.

"கொஞ்சம் ரோஷக்காரங்க."

"அப்படின்னா ரெண்டு பையாக் கொண்டு போ. ரோஷக்காரங்களுக்குப் பசி கூடவே இருக்கும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் வேலை முடிந்ததும் ட்வைலா அந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளே போவாள், இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். நீலச் சட்டை போட்டவள் பை தூக்கினால் அது தொண்டு, போடாதவள் தூக்கினால் அது வேறு. சும்மாவும் வரமாட்டாள். அரைமணி நேரம் பெட்டி அடுக்குவாள், தரை கூட்டுவாள். கோம்ப்ஸ் வீட்டில் யாரும் இனாமாக எதையும் வாங்கினதில்லையாம். கெய்லா கேட்டால், மிஸ் வெர்னா வேலைக்குக் கூலியாகக் கொடுத்தது என்று சொல்லிவைத்திருந்தாள். பிள்ளைகள் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு. மற்றதெல்லாம் போனாலும் போகட்டும் என்கிற ரகம்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். வெர்னாவின் கழுகுக் குணம் சும்மா இருக்கவிடவில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அவர்களுடைய ஆள் ஒருவர் சொந்த நேரத்தில் எங்கேயாவது தொண்டு செய்தால், அந்த மணிக்கணக்குக்கு ஏற்றபடி கம்பெனி அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கும். வெர்னா இதைப் படித்தாள். ட்வைலா அரைமணி கூட்டுகிறாள், கேனி ஓடைவரை வண்டி ஓட்டுகிறாள், வீடுதேடிப் போய்க் கொடுக்கிறாள். எல்லாவற்றையும் கூட்டி வாராவாரம் கம்பெனிக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, அவ தன் வீட்டுக்குத் தான் போறதுக்கு மணிக்கணக்கா?" என்றேன் நான்.

"அவ வண்டி ஓட்டுறாளா இல்லையா? பை தூக்குறாளா இல்லையா? நான் என்ன பொய்யா எழுதறேன்? அந்தக் காசுலதான் இந்த வாரம் முட்டை வந்துச்சு. நீ உன் குழம்பைப் பாரு."

தன் வீட்டுக்குத் தானே சாமான் தூக்கிப்போனதற்கு உலகத்திலேயே தொண்டர் என்று பேர் வாங்கினவள் ட்வைலா ஒருத்தியாகத்தான் இருப்பாள். வருஷக் கடைசியில் பார்த்தால், கம்பெனி முழுக்க அவளைவிட அதிக நேரம் தொண்டு செய்தவர் யாரும் இல்லை. சின்சினாட்டியில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர்களே ஆடிப்போனார்களாம். ஒருநாள் படம் பிடிக்கிறவர் வந்தார். முகத்தில் மாவு பூசி, கையில் ஒரு பையைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்றார். மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்றதால் அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் நெடுஞ்சாலை முக்கில் வீடு உயரத்துக்கு நின்றாள்.

பலகை ஏறினதும் பிழைப்பு இறங்கிவிட்டது. பெட்ரோல் போடப் போனால், கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஓடெல், "வழி விடுங்கப்பா, ஊருக்கே படியளக்கிற மகராசி வந்துட்டா" என்பான். அவள் பத்து டாலருக்கு மட்டும் போடச் சொன்னால், "என்ன மகராசி, டேங்க்கைக்கூட ஏழைகளுக்கு விட்டுக் குடுத்துட்டியா?" என்பான். வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு வாரம்கூடத் தவணை தர மறுத்தார். ஊரார் பசியைத் தீர்க்கிறவளுக்கு என் பசி தெரியவில்லையா என்று கேட்டாராம். போதாததற்கு, ஓடைக்கு மேலே குடியிருக்கும் ஒரு கிழவி பலகையைப் பார்த்துவிட்டு ட்வைலா வீட்டுக் கதவைத் தட்டி, "நீதானே அது, எனக்கும் ஒரு பை குடு தாயி" என்றாள். ட்வைலா என்ன செய்வாள்? இரண்டில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். கிழவி அடுத்த வாரமும் வந்தாள்.

"பேசாம வரிசையில வந்து பேரைக் குடுத்துடு கண்ணு. உனக்கு மாசாமாசம் கோழியும் சேர்த்துத் தர முடியும்" என்று வெர்னா ஒருநாள் ஜாடையை விட்டு நேராகவே சொல்லிப் பார்த்தாள்.

"அந்தப் பலகையை வெச்சுக்கிட்டா? குடுக்கிறவன்னு வீடு உசரத்துக்கு எழுதிப் போட்டிருக்கான். நான் எந்த மூஞ்சியோட கை நீட்டுவேன்?" என்றாள் ட்வைலா.

ஒருத்தியைப் புகழ்ந்தே பட்டினி போட முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

வசந்தகாலத்தில் சின்சினாட்டியிலிருந்து மிஸ் ப்ரிட்செட் வந்தாள். கம்பெனியில் பெரிய பதவி. தொண்டு, பேர், படம் எல்லாம் அவள் பொறுப்பு. கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதைக் கேட்டாலும் கண் கலங்கிவிடும் ஜாதி. ட்வைலாவுக்கு அந்த வருஷத்துச் சிறந்த தொண்டர் விருது என்றும், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் விருந்து என்றும், பரிசாக ட்வைலா பெயரால் வெர்னா அறைக்கு ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டி என்றும் சொன்னாள்.

"அவ பேருல எங்களுக்கா?" என்றாள் வெர்னா.

"ஆமா. தொண்டு செய்றவங்களுக்கு அதைவிட வேற என்ன சந்தோஷம் இருக்கப் போகுது?" என்று மிஸ் ப்ரிட்செட் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்தக் கேனி ஓடைக் குடும்பத்தையும் கூட்டிட்டு வந்துடுங்க. மேடையில ட்வைலாவை அவங்க கட்டிப்பிடிக்கணும். நாங்க படம் பிடிச்சுக்கறோம். பேரெல்லாம் வேணாம்."

வெர்னா மாட்டேன் என்றாள். யார் வாங்குகிறார்கள் என்று காட்டுகிற வழக்கம் இங்கே இல்லை என்றாள். மிஸ் ப்ரிட்செட் கோபப்படவே இல்லை. அந்தக் கட்டிப்பிடிக்கிற காட்சிக்காகத்தான் மேலிடத்தில் குளிர்பதனப் பெட்டிக்கே சம்மதித்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாலும் முட்டையும் இறைச்சியும் ஒரு நாளுக்குமேல் கெடாமல் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று வெர்னா எத்தனையோ வருஷமாகத் தேவாலயத்தில் முட்டிபோடுகிறாள். தெய்வம் கொடுத்தது, ஆனால் கூடவே படம் பிடிக்கிறவனையும் அனுப்பிவிட்டது.

வியாழக்கிழமை ட்வைலா வந்ததும் வெர்னா கதவைச் சாத்தினாள். அவள் குரல் தாழ்த்திப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"கண்ணு, நான் ஒரு வேலை பண்ணி வெச்சிட்டேன். நீ வந்து போற நேரத்தையெல்லாம் நான்தான் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். அதனாலதான் இந்தப் பலகை, விருது எல்லாம்."

"எதுக்கு?" என்றாள் ட்வைலா.

"முட்டைக்கு. பாலுக்கு."

"என் பிள்ளைங்க குடிச்ச பாலா?"

"அதுவுந்தான்."

ட்வைலா அடுக்கின பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. வெர்னாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "நீ ஒண்ணும் கவலைப்படாதே. எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒருத்தி அடுத்த மாவட்டத்துல இருக்கா. புருஷன், பிள்ளைங்களோட கொண்டுவந்து நிறுத்திடறேன். கோழி வறுத்துப் போட்டா அந்தக் கும்பல் எதுக்கு வேணாலும் அழும். உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போயிடுவாங்க. பெட்டியும் வந்துடும், உன் பேரும் நிக்கும்."

நான்கூட நல்ல யோசனை என்றேன். இல்லாத குடும்பத்துக்கு ஆள் பிடிப்பதில் என்ன கஷ்டம்?

"என் பிள்ளைங்க தின்னதுக்கு யாரோ வந்து அழணுமா?" என்றாள் ட்வைலா. அவ்வளவுதான். பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். நான்தான் பின்னால் ஓடி அவள் வண்டியில் வைத்தேன்.

விருந்து நாளில் விளையாட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. கோழிப் பொரியல், பீன்ஸ், சோள ரொட்டி, எல்லாம் என் சமையல்தான். கம்பெனி ஆட்கள் நீலச் சட்டையில் பாதிக் கூடம். வெர்னாவின் ஒன்றுவிட்ட தங்கை குடும்பம் கடைசி வரிசையில் தட்டு நிறையக் கோழியோடு தயாராக உட்கார்ந்திருந்தது. ட்வைலா வேண்டாம் என்றாலும் வெர்னா கேட்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டாள். ட்வைலா முன்வரிசையில் கெய்லாவையும் ப்ரைஸையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ப்ரைஸ் நான் வேறு கத்தியில் வெட்டிக் கொடுத்த ரொட்டியை மட்டும் தின்றுகொண்டிருந்தான்.

மிஸ் ப்ரிட்செட் மேடையில் ட்வைலாவை ஏற்றி, பித்தளைத் தகடு பதித்த பலகையைக் கையில் கொடுத்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "ட்வைலா வாராவாரம் தேடிப்போய் உதவின அந்தக் குடும்பம் இன்னைக்கு இங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். அதற்குள்ளேயே அவள் கண் கலங்கத் தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் ஒன்றுவிட்ட தங்கை வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்திருக்காங்க மேடம்" என்றாள் ட்வைலா. "கெய்லா, தம்பியைக் கூட்டிட்டு மேல வா."

பிள்ளைகள் ஏறினார்கள். மிஸ் ப்ரிட்செட் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, இவ்வளவு சின்ன வயசுலயே பிள்ளைங்களையும் தொண்டுல பழக்கியிருக்காங்க. என்ன ஒரு வளர்ப்பு." மறுபடியும் கைதட்டல். "சரி ட்வைலா, இப்ப அந்தக் குடும்பத்தைக் கூப்பிடுங்க."

"இதுதான் மேடம்."

"இல்லம்மா, இது உங்க குடும்பம். நான் கேட்கிறது அந்த வாங்கற குடும்பம்."

"அதைத்தான் சொல்றேன். கேனி ஓடையில நான் பை கொண்டுபோய்க் குடுக்கிற வீடு என் வீடுதான். நாங்க மூணு பேரு. நான் உங்க கம்பெனியில ஒன்பது வருஷமா முழுநேரம் வேலை செய்றேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. நீலச் சட்டைக்காரர்களில் பாதிப்பேர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஓடெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். படம் பிடிக்கிறவர் கருவியை இறக்கிவிட்டார். மிஸ் ப்ரிட்செட்டுக்குப் பழக்க தோஷம், "எல்லாரும் பலமா ஒரு தடவை கைதட்டலாமா" என்றாள். கைதட்டச் சொன்னால் தட்டுகிற கூட்டம் நாங்கள், தட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, கையை மட்டும் நிறுத்த முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கினதும் ட்வைலா பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கெய்லாதான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா. கூலிக்குக் குடுக்கிறவங்க தம்பிக்கு ஆகுமா ஆகாதான்னு பாத்தா மூட்டை கட்டுவாங்க? நீ கஷ்டப்பட்டு மறைச்சியேன்னுதான் நான் கேக்கல."

ட்வைலா அப்போதுதான் அழுதாள். நானும்தான். வெர்னா மூக்கைச் சிந்திவிட்டு, மிச்சக் கோழியை யாரும் தொடக்கூடாது, அது அறைக்கு வேண்டும் என்று என்னிடம் கத்தினாள்.

அந்த வாரமே நெடுஞ்சாலைப் பலகையிலிருந்து ட்வைலாவை இறக்கிவிட்டு நாயை ஏற்றினார்கள். நாயிடம் யாரும் உன் குடும்பம் எங்கே என்று கேட்கப்போவதில்லை. குளிர்பதனப் பெட்டி வந்துவிட்டது. ஏற்கெனவே செய்தித்தாளில் போட்டுவிட்டார்களாம், அதனால் நிறுத்த முடியவில்லை. கம்பெனி சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. மேலிடத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். முடிவில் வேலையாட்கள் நேரம் பதிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பீப்பாய் வைத்தார்கள். கஷ்டப்படுகிற சக தொழிலாளிக்கு உங்களால் முடிந்த ஒரு டப்பா உணவு போடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. சம்பளம் போதாதவர்கள் சம்பளம் போதாதவர்களுக்குப் போட வேண்டும். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதை கேட்டிருக்கிறோம், அதற்குச் செங்கல்லும் ஆண்டிகளே கொண்டுவர வேண்டும் என்று சொன்னவர்களை அப்போதுதான் பார்த்தேன். பீப்பாய்க்குப் பொறுப்பாளராக, சம்பளம் இல்லாமல், ட்வைலாவையே இருக்கச் சொன்னார்கள். அவளுக்கு அனுபவம் இருக்கிறதாம். 'எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டாள்.

கோடையில் அடுத்த தொண்டு நாள் வந்தது. இந்தத் தடவை மிஸ் ப்ரிட்செட்டும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பை கட்டி முடித்ததும் போகாமல், மாலை வரிசைக்கும் தானே நின்று கொடுப்பதாகச் சொன்னாள். மனசு உறுத்தியிருக்க வேண்டும். நல்ல மனசுதான், அதற்கு எப்போதும் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

வரிசையில் ட்வைலா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கைமடிப்பில் தீனித்தூசி. யாருக்கோ கொண்டுபோகிறேன் என்ற பேச்சு இல்லை. வெர்னா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எத்தனை பேரு?"

"மூணு. பையனுக்குப் பீனட் பட்டர் ஆகாது."

வெர்னா பொறுக்கி எடுத்த பையை மிஸ் ப்ரிட்செட்டின் பக்கம் தள்ளினாள். அவள் அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள், ட்வைலாவைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாதபோது வாய் தனக்குப் பழகினதைச் சொல்லிவிடும். கம்பெனியில் பதக்கமோ பலகையோ எதைக் கொடுத்தாலும் மேலிடத்தார் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, அதுதான் வந்தது.

"இது நீங்க உழைச்சுச் சம்பாதிச்சது, ட்வைலா."

ட்வைலா பையை வாங்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஆமா மேடம். சம்பாதிக்கிறதெல்லாம் உங்ககிட்டதான். வாங்கிக்கிறதுக்குத்தான் இங்க வரவேண்டியிருக்கு."

சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை, வழி கேட்டவருக்கு வழி சொன்ன மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடெல் நின்றுகொண்டிருந்தான். நான்கு பேர் என்று சொல்லிக் கையை நீட்டினான்.